பிள்ளையார் மூட்டை

1996ஆம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு, ஆத்தூர் வெண்பொருநை சால்ட்ஸ் கம்பெனி வாசலிலிருந்து பதினோரு லாரி உப்பு கிளம்பிப் போனது. விடியற்காலைவரை பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தார்ப்பாய் போர்த்திய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமிரபரணிப் பாலத்தில் ஏறி, முக்காணிப் பக்கம் இறங்கி மறையும்வரை வாசலில் நின்ற கூட்டம் கலையவில்லை. கடைசி லாரியும் பாலம் தாண்டிய பிறகு, பம்ப்காரர் சுடலைக்கண்ணு விடலைத் தேங்காயை ஓங்கி அடித்தார். சில் பொறுக்க நாலைந்து பேர் குனிந்தார்கள். சுமை கிளம்பிவிட்டது என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம்.

அந்த உப்பு தூத்துக்குடியில் சரக்கு ரயில் ஏறி, நாட்டின் வடகிழக்கு மூலையில் ஒரு மலை ஜில்லாவின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு வாரப் பயணம். அந்த மலையில் மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் கிடையாது. அதனால் அங்குள்ளவர்களுக்குக் கழுத்து வீங்கும். குழந்தைகள் மந்தமாகப் பிறக்கும். உப்பில் துளி அயோடின் சேர்த்துச் சாப்பிட்டால் போதும், இரண்டும் வராது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் அயோடின் உப்பு வாங்கினார்கள். லாரிகளோடு ஒரு தாளும் போனது: 'பத்து லட்சம் பங்கில் அயோடின் முப்பத்திரண்டு பங்கு. தரம் சரி. தி. அன்னத்தாய், கெமிஸ்ட்.'

அன்னத்தாய்க்கு அப்போது நாற்பத்தோரு வயது. பிறந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. பாளையங்கோட்டையில் தங்கிப் படித்து வேதியியலில் பட்டம் வாங்கியவள். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நான்கு வருஷம் உதவியாளராக இருந்தாள். ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் யாரோ 'டீச்சர்' என்று ஆரம்பித்துவைக்க, ஆத்தூருக்கு வாக்கப்பட்டு வந்தபோது அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. கணவர் தில்லைநாயகம் ஆறுமுகநேரியில் கணக்கு வாத்தியார். "இருவது வருஷமா கத்திக் கத்தித் தொண்ட கட்டுதது எனக்கு. டீச்சர் பட்டம் ஒனக்கு" என்பார்.

அயோடின் உப்புக்கு ஆர்டர் வர ஆரம்பித்ததும் கம்பெனிக்கு ஒரு கெமிஸ்ட் தேவைப்பட்டது. 95 ஆனி மாதம் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆய்வகம் என்று காட்டப்பட்டது ஒரு பழைய சைக்கிள் ஷெட். அவளே முன்னின்று வெள்ளையடிக்க வைத்தாள். ஒழுங்காகச் சாத்துகிற கதவு வேண்டும் என்று ஒரு மாதம் சண்டை போட்டு வாங்கினாள். உப்புக் காற்றில் தராசு ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிடும். அதைத் தன்னுடைய பழைய நூல் புடவையால் சுற்றி, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் பெட்டிக்குள் வைப்பாள். எதைக் கேட்டாலும் 'இருக்கும்' என்று சொல்லமாட்டாள். 'இருக்கு' என்பாள், அல்லது 'இல்ல' என்பாள். நடுவில் ஒன்று கேட்டால், "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சைக்கிள் ஷெட்டுக்குள் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவளும் ஒரு விஷயத்தைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சுமை கட்டும் நாளில் முதலில் நிரம்பும் மூட்டைக்குப் பிள்ளையார் மூட்டை என்று பெயர். அதைத் தைக்கமாட்டார்கள். வாய் திறந்தபடியே கொண்டுபோய், வாசல் பூவரச மரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, சூடம் காட்டுவார்கள். லாரியெல்லாம் பாலம் தாண்டியபின் ஆளுக்கு ஒரு படி அந்த உப்பை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். தைத்த மூட்டைகளை யாரும் தொடக் கூடாது. எப்போதோ ஒரு லாரி ஆற்றுக்குள் சாய்ந்ததாம். அதற்கு முந்தின நாள் எவனோ ஒரு மூட்டையில் குத்தூசி போட்டு உப்புப் பார்த்தானாம். அன்று முதல், கிளம்புகிற மூட்டையில் குத்தக் கூடாது என்றாகிவிட்டது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அன்னத்தாய் இதைக் கேட்டாள். "அப்ப நான் எதுலேர்ந்து உப்பு எடுத்துப் பாக்க?"

"பிள்ளையார் மூட்டதான் வாயத் தொறந்துக்கிட்டு இருக்குல்லா டீச்சர். அதுல அள்ளிக்கிடுங்க" என்றார் சுடலைக்கண்ணு.

எல்லாம் ஒரே பெல்ட்டில் வருகிற உப்பு, ஒரே பம்ப்தான் அயோடின் மருந்தைத் தெளிக்கிறது. எந்த மூட்டையாக இருந்தால் என்ன என்று அவளுக்கும் தோன்றியது. அள்ளிக்கொண்டாள். பதினேழு மாதம் அப்படித்தான் அள்ளிக்கொண்டிருந்தாள்.

லாரிகள் கிளம்பிய மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, பாத்து ஆய்வகக் கதவைத் தட்டினாள். பாத்து மூட்டை தைப்பவள். கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு திரிவாள்; அவள் வாய்க்கும் அந்த ஊசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பார்கள்.

"டீச்சர், நம்ம உப்பு நல்ல உப்புதானா?"

"என்ன பாத்து, காலங்காத்தால இப்பிடிக் கேக்க?"

"எம் மவ நேத்து பள்ளிக்கூடத்துலேர்ந்து அழுதுக்கிட்டே வந்தா. ஆஸ்பத்திரிக்காரவ வந்து, புள்ளைகள எல்லாம் வீட்டு உப்புல ஒரு பொட்டலம் கொண்டாரச் சொல்லி, சொட்டு மருந்து விட்டுப் பாத்திருக்காவ. நம்ம கம்பெனி ஆளுவ வீட்டு உப்பு அம்புட்டும் ஊதாவா மாறிருக்கு. எம் மவ கொண்டு போனது மட்டும் வெள்ள வெளேர்னு அப்படியே கெடந்திருக்கு. 'ஒங்க உம்மா கம்பெனில வேல பாக்குதாளா, களவாணி உப்பு விக்குதாளா'ன்னு ஒருத்தி கேட்டுட்டாளாம்."

"சொட்டு மருந்து கிட் பழசா இருக்கும்" என்றாள் அன்னத்தாய். சொன்ன பிறகுதான், தான் 'இருக்கும்' என்று சொன்னது அவளுக்கே உறைத்தது. "நீ எந்த உப்பு எடுத்துட்டுப் போன?"

"கிழிஞ்ச மூட்டையில மிஞ்சுனத. பிள்ளையார் மூட்டையில நான் எடுக்கமாட்டேன்லா. சாமிக்குப் படைச்சது எங்களுக்கு ஆகாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். ஆனால் அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று தெரியாது.

கடைசி லாரியில் பாரம் கூடியதால் மூன்று மூட்டைகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். அவை கேட்டுக்கு உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. அன்னத்தாய் நேராகப் போய், அரிசி மண்டியில் மூட்டைக்குள் செருகி மாதிரி எடுப்பார்களே, அந்தக் குத்தூசியை வாங்கி முதல் மூட்டையில் இறக்கினாள். பின்னால் யாரோ, "அய்யோ டீச்சர்!" என்றார்கள். அவள் திரும்பவில்லை.

வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று குவியல் உப்பு. பக்கத்திலேயே, டப்பாவில் மிச்சம் வைத்திருந்த பிள்ளையார் மூட்டை உப்பு ஒரு குவியல். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. பிள்ளையார் மூட்டை உப்பு கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. மற்ற மூன்றும் பால்போல் கிடந்தன. சொட்டு மருந்தை மட்டும் நம்பக் கூடாது என்று, முறைப்படி கரைத்து அளந்தும் பார்த்தாள். மூன்றிலும் அளப்பதற்கு ஒன்றுமே இல்லை. திரும்ப ஒருமுறை அளந்தாள். அதிலும் இல்லை.

தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பம்ப் அறைக்குப் போனாள். அதைப் பார்த்ததுமே சுடலைக்கண்ணுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மழ நேரம் டீச்சர். உப்பு ஏற்கெனவே நசநசன்னு இருக்கு. இதுல மருந்துத் தண்ணியயும் பீச்சுனா மூட்டைக்குள்ள கல்லாட்டம் கட்டிக்கிடும். போன வருஷம் ஈர உப்புன்னு திட்டிக் கடுதாசி வந்துதுல்லா? அதான் மேனேஜர் பைய, கொஞ்சமா விடச் சொன்னாரு."

"பையன்னா எம்புட்டு?"

"பையன்னா பையதான்."

"அண்ணே. எம்புட்டு?"

சுடலைக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளையார் மூட்டைக்கு ஒழுங்கா விட்டேன். அது சாமி காரியம். அப்பறம் அடச்சிட்டேன். வெயில் காலத்துல ஒருநாளும் அடச்சதில்ல டீச்சர், மழைக்கு மட்டுந்தான். ஒங்க காயிதத்துலதான் ஒவ்வொரு தடவையும் சரின்னு வருதே. கொறஞ்சா டீச்சர் வந்து சத்தம் போடுவாவ, போடலயே, அப்ப இது போதும் போலன்னு இருந்துட்டேன்."

அந்தப் பதில் அவளைச் சுருக்கென்று தைத்தது.

மேனேஜர் குருபிரசாத் கல்லிடைக்குறிச்சிக்காரர். பதினைந்து வருஷம் பம்பாயில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்காக ஊர்ப்பக்கம் திரும்பியவர். கெட்ட மனுஷர் இல்லை. மழைக்காலத்தில் ஆட்களுக்குச் சுக்குக் காபி போட வைப்பவர். "நான் நிறுத்தச் சொல்லவே இல்லையேம்மா. குறைக்கத்தானே சொன்னேன்? ரிப்போர்ட்ல முப்பத்திரண்டுன்னு நீங்க எழுதினேள். குறைச்ச பிறகும் முப்பத்திரண்டு வரதேன்னு எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்தது."

மேனேஜர் அவளுடைய தாளை நம்பினார். சுடலைக்கண்ணுவும் அதையே நம்பினார். அவள் பிள்ளையார் மூட்டையை நம்பினாள். மருந்து ஏறிய ஒரே மூட்டை ஆத்தூரிலேயே தங்கிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் குடித்து, கடல் மீன் தின்று, கழுத்தில் ஒரு குறையும் இல்லாத ஜனங்கள் அதைப் பங்கு போட்டு எடுத்துப் போனார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கு, மூன்று குறைய இரண்டாயிரத்து இருநூறு மூட்டை வெறும் உப்பு, அவள் கையெழுத்தோடு போய்க்கொண்டிருந்தது. போன வருஷ மழையில் இதேபோல் இரண்டு சுமை போயிருக்கிறது. அதை இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இது மட்டும் இன்னும் ரயிலில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் தில்லைநாயகத்திடம் ஒரு தாளைக் கொடுத்தாள். "பத்துப் பத்து டன்னா பதினோரு லாரி. டன்னுக்கு அம்பது கிராம் மருந்து. போட்டுச் சொல்லுங்க."

"இதுக்குத் தாள் எதுக்கு? அஞ்சரை கிலோ" என்றார் அவர். பிறகு, "அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தான்."

"ஒங்க மொதலாளி வீட்டுக் கல்யாணத்துல பாயசத்துக்குப் போட்ட முந்திரிப்பருப்பு இதுக்கு மேல இருக்கும்."

"மருந்த அங்க அனுப்பி, ரயில்லேர்ந்து எறக்குததும் தெளிச்சா சரியாப் போவும். ஆனா அதுக்கு, நம்ம உப்புல மருந்து இல்லன்னு மொதல்ல நாமளே சொல்லணும்."

"சொல்லுவாரா?"

"சொல்ல வைக்கணும்."

தில்லைநாயகம் சாப்பிட்டு முடித்துத் தட்டில் கைகழுவினார். "நாளைக்குக் காலைல பாசஞ்சருக்கு நான் சைக்கிள்ல கொண்டு விடுதேன். திட்டு வாங்கப் போறவளுக்கு நடந்த களைப்பும் சேர வேண்டாம்."

முதலாளி நடராஜ் அண்ணாச்சியின் அலுவலகம் திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அன்னத்தாய் படியேறினாள். கையில் இரண்டடுக்கு டிபன் கேரியர். அதைப் பார்த்ததும் அண்ணாச்சி சிரித்தார்.

"வாம்மா அன்னம். தில்லை எப்படி இருக்கான்? என்ன, எனக்குச் சாப்பாடா?"

"உப்பு மட்டுந்தான் அண்ணாச்சி."

மேஜைக் கண்ணாடிமேல் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு கரண்டி உப்பைக் கொட்டினாள். சொட்டு விட்டாள். ஒன்று ஊதாவானது, ஒன்று ஆகவில்லை.

"இது பிள்ளையார் மூட்ட. இது ரயில்ல போற மூட்ட."

அண்ணாச்சி உப்பு வியாபாரத்தில் பிறந்து வளர்ந்தவர். விளக்கம் கேட்கவில்லை. "யாரு செஞ்சது?"

"ஒருத்தர்னு இல்ல. எல்லாரும் சேந்து செஞ்சிருக்கோம். நானும்தான்."

"பிரசங்கம் வேண்டாம். பேரச் சொல்லு. பம்ப்ல யாரு, சுடலையா? நாளைலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிருவோம்."

"சுடலையண்ணன அனுப்பிட்டா, போன உப்புல அயோடின் ஏறிருமா?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் இப்படிப் பேசுகிறவர்கள் குறைவு. "சரி. அடுத்த சுமையில ஒழுங்கு பண்ணிருவோம். இது போனது போச்சு."

"போகல. தூத்துக்குடிலேர்ந்து கெளம்பி ரெண்டு நாள்தான் ஆச்சு. போயிச் சேர இன்னும் பன்னெண்டு நாள் ஆவும்."

"இதத் தின்னு எவனும் செத்துரமாட்டான்மா."

"சாகமாட்டாவ. செத்தா மறுநாளே தெரிஞ்சிரும், நம்ம வாசல்ல வந்து நிப்பாவ. இது கழுத்துல பைய வரும். வயித்துல இருக்க பிள்ள வரைக்கும் போவும். பொறந்து அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் அது மந்தம்னு பெத்தவளுக்கே தெரியும். அவ நம்மளத் தேடி வரமாட்டா. நம்ம பேரே அவளுக்குத் தெரியாது. கேக்க ஆளில்லன்னுதான் நாமளே சொல்லணும்ங்கேன்."

கீழே ஜவுளிக்கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "சொன்னா என்ன நடக்கும்? அடுத்த ஆர்டர் தருவானா? நூத்திருவது பேரு வேல பாக்குதாவ. மூட்ட தைக்குத அந்தப் பிள்ள, என்ன பேரு..."

"பாத்து."

"பாத்து. தை மாசம் அவ எங்க போவா? அதச் சொல்லு."

"தெரியல அண்ணாச்சி."

"எல்லாத்துக்கும் பட்டுப் பட்டுன்னு பதில் வச்சிருப்பியே!"

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அவகிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா அவளுக்கு வேல வேணுங்கதுக்காக இன்னொருத்தி பிள்ளைக்கு வெறும் உப்பக் குடுக்க முடியாது."

அண்ணாச்சி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பாமலே சொன்னார்: "ஒனக்கு மனசு கேக்கலன்னா நீயே ஒரு தந்தி அடி. ஒம் பேர்ல. கம்பெனிய இழுக்காத."

இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் அன்னத்தாய் இதை எதிர்பார்த்துத் தயாராகியிருந்தாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது இதற்கான பதிலைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பேர்ல அடிச்சா, ஆத்தூர்ல ஒரு பொம்பள பொலம்புதான்னு குப்பையில போட்டுருவாவ. கம்பெனி பேர்ல அடிச்சாத்தான் மூட்டைய நிப்பாட்டுவாவ. சாக்குல அச்சடிச்சிருக்கது கம்பெனி பேரு. உப்பு எந்தப் பேர்ல போச்சோ, தப்பும் அந்தப் பேர்லதான் போவணும்."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போட வேண்டாம். சான்றிதழ்ல இருக்கது என் கையெழுத்து. கம்பெனித் தாள்ல, கம்பெனி சீல் வச்சு, கம்பெனி கெமிஸ்ட்டா நான் குடுத்தது. அத ரத்து பண்ணுததும் அதே தாள்ல, அதே சீலோட, அதே கையெழுத்துல வரட்டும். தாளும் சீலும் மட்டும் தாங்க."

"தரலன்னா?"

"அடுத்த சுமைக்கு வேற கெமிஸ்ட் தேடணும். வாறவரு விவரமான ஆளா இருந்தா, பழைய ஆளு ஏன் போனான்னுதான் மொதல்ல கேப்பாரு. விவரமில்லாத ஆளா இருந்தா, அவருக்கும் பிள்ளையார் மூட்டையத்தான் காட்டுவீய."

அண்ணாச்சி திரும்பி வந்தார். ஊதா நிறக் குவியலை விரலால் கிளறினார். நகக்கண்ணில் சாயம் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அப்படியே விட்டுவிட்டார். மேஜை டிராயரை இழுத்து, கம்பெனி லெட்டர்பேடையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான் கீழ போயி காப்பி குடிச்சிட்டு வாரேன். அரை மணி நேரம் ஆவும். டிராயரப் பூட்ட மறந்துட்டுப் போயிட்டேன்னு வச்சுக்கோ."

இரண்டு படி இறங்கியவர் மறுபடி ஏறி வந்து எட்டிப் பார்த்தார். "மருந்து எவ்வளவு சொன்ன?"

"அஞ்சரை கிலோ."

"ஆறா அனுப்பு. சிந்துனா சிந்தட்டும்."

ஜங்ஷன் தந்தி ஆபீசில் அன்னத்தாய் எழுதிக் கொடுத்தது நான்கே வரி. 'உங்களுக்கு வரும் 2197 மூட்டைகளில் அயோடின் இல்லை. தவறு எங்களுடையது. விநியோகிக்க வேண்டாம். மருந்தும் செய்முறையும் பார்சலில் வருகின்றன.' கீழே கம்பெனி பெயர். அதற்குக் கீழே தன் பெயர். விளக்கமான கடிதத்தைத் தனியாக எழுதினாள். பிள்ளையார் மூட்டை விஷயத்தையும், போன மழையில் வந்த இரண்டு சுமைகளையும் அதில் மறைக்கவில்லை.

மருந்துப் பெட்டியைக் கட்டியவர் சுடலைக்கண்ணு. தண்ணீர் புகாமல் மூன்று சுற்று பாலிதீன் சுற்றி, தன் கையாலேயே தைத்தார். தெளிக்கும் முறையை ஹிந்தியில் எழுதித் தருகிறேன் என்று குருபிரசாத் தானாகவே முன்வந்தார். "என்னோடது பம்பாய் ஹிந்தி. மலைக்காரா படிச்சுட்டுச் சிரிப்பா. சிரிக்கட்டும்" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு படமும் போட்டார்: ஒரு மூட்டை, ஒரு கைப்பம்ப், குனிந்து நிற்கும் ஓர் ஆள். ஆள் கொஞ்சம் சுடலைக்கண்ணு சாயலில் இருந்தார்.

பதில் வரவில்லை. மார்கழி போனது; பொங்கல் போனது. சங்கத்திலிருந்து வழக்கமாகத் தையில் வரும் ஆர்டரும் வரவில்லை. கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றாயிற்று. டீக்கடையில் அன்னத்தாயைக் கண்டால், "டீச்சர் புண்ணியத்துல இன்னைக்கும் லீவு" என்று காதுபடச் சொன்னார்கள். பாத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கு வெற்றிலை அடுக்கப் போனாள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் இருவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

"ஒங்ககிட்ட அன்னைக்கு வந்து கேட்டதுக்கு, என் வாயத் தச்சிருக்கலாம் டீச்சர். ஊசி கொண்டையிலதான இருந்துச்சு!"

"தச்சிருந்தா நீ எப்படி இப்ப என்னய ஏசுவ?" என்றாள் அன்னத்தாய்.

பாத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. பஸ் வந்ததும் ஏறி, அன்னத்தாய்க்கும் ஓரிடம் பிடித்து வைத்தாள்.

பங்குனியில் கேரளத்துப் பக்கமிருந்து ஓர் ஆர்டர் வந்தது. சுமை கட்டிய காலையில் அன்னத்தாய் குத்தூசியோடு வந்து நின்றாள். பத்து மூட்டைக்கு ஒன்று. எது என்று அவள்தான் சொல்வாள். ஆட்கள் விலகி நின்றார்கள்.

"கெளம்புத மூட்டையில குத்தலாமா டீச்சர்? பிள்ளையாரு பாத்துக்கிட்டு இருக்காருல்லா" என்றார் சுடலைக்கண்ணு. இந்த முறை எதிர்ப்பு இல்லை, கவலைதான்.

"பாக்கட்டும்ணே. அவருக்கு ஒரு மூட்டைய மட்டுந்தான் தெரியுமாக்கும்? அம்புட்டு மூட்டயும் அவரு மூட்டதான். எதுல குத்துனாலும் ஊதாவா வரணும்."

சுடலைக்கண்ணு கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரே போய், அவள் காட்டிய மூட்டையைப் பிடித்துக்கொண்டார். குத்திய மூட்டைகளைப் பாத்து மறுபடி தைத்தாள். அன்று சூடம் காட்டிய பிள்ளையார் மூட்டையையும் தைத்து, லாரியில் முதலாவதாக ஏற்றினார்கள். ஆட்களுக்கான பங்கை, பூஜைக்கு முன்னால், ஏதோ ஒரு மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள். பாத்துவும் முதல் தடவையாக வரிசையில் நின்று வாங்கினாள். முதல் லாரி பாலத்துக்கு ஐம்பதடி முன்னால் பஞ்சராகி நின்றது. நூற்றிருபது பேரும் ஒரே நேரத்தில் அன்னத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரைவர் இறங்கி ஸ்டெப்னி மாட்டினார். லாரி பாலம் ஏறி, முக்காணிப் பக்கம் இறங்கிப் போனது.

வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பழைய அளவுக்கு வரவில்லை. மழைக்காலத்தில் உப்பைக் காயவைத்துத் தெளிக்க அண்ணாச்சி ஒரு கூடம் கட்டிக் கொடுத்தார். தந்தியைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மருந்துப் பெட்டி போய்ச் சேர்ந்ததா, வழியில் எங்காவது ஒரு ரயில் நிலையத்து மூலையில் கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. மலைச் சங்கத்துக்கு அன்னத்தாய் இன்னும் இரண்டு கடிதம் போட்டுப் பார்த்தாள். பிறகு, தான் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று வேலையைப் பார்த்தாள். இதில் 'சேர்ந்திருக்கும்' என்று சொல்லிக்கொள்ள மட்டும் அவளால் முடியவில்லை.

1999 ஆனி மாதம் ஒரு கவர் வந்தது. சேலம் ஜில்லா ஆத்தூருக்குப் போய்ச் சுற்றிவிட்டு, நான்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்திருந்தது. மேலே 'கெமிஸ்ட், வெண்பொருநை சால்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. மலைச் சங்கத்தின் கிடங்குப் பொறுப்பாளர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். அன்னத்தாய் தராசுப் பெட்டிமேல் வைத்துப் படித்தாள்.

'உங்கள் தந்தி எங்கள் கைக்கு வந்தபோது ரயில் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்குள் 380 மூட்டைகள் மலையேறிவிட்டன. மற்றதை நிறுத்திவைத்து, பார்சல் வந்ததும், ஆரஞ்சுத் தோட்டத்துக் கைப்பம்ப்பால் உங்கள் மருந்தைத் தெளித்தோம். உங்கள் ஹிந்தி எங்களுக்குப் புரியவில்லை, படம் புரிந்தது. மலையேறியதில் 328 மூட்டைகளைத் திரும்ப வாங்கினோம். 52 மூட்டைகள் கிடைக்கவில்லை. அவற்றைச் சாப்பிட்டிருப்பார்கள். இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உங்களோடு இனி வியாபாரம் வேண்டாம் என்று அப்போதைய தலைவர் கோபத்தில் தீர்மானம் போட்டார். உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதவும் விடவில்லை. இப்போது அவர் பதவியில் இல்லை. இடையில் இரண்டு கம்பெனிகளிடம் வாங்கினோம். இரண்டிலும் மருந்து குறைந்திருந்தது. நாங்கள்தான் சொட்டு விட்டுக் கண்டுபிடித்தோம், அவர்கள் சொல்லவில்லை.

தந்தியில் பெயர் இருந்தவர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறாரா? அவர்தான் இப்போதும் கையெழுத்துப் போடுகிறார் என்றால், மழைக்கு முன்னால் இரண்டாயிரம் மூட்டை அனுப்புங்கள். வந்ததும் நாங்களும் குத்திப் பார்ப்போம். எந்த மூட்டையில் என்பதை முன்கூட்டிச் சொல்லமாட்டோம்.'